விளம்பரத்தைத் தடுத்தால் திருட்டா?

(மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை)



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள் "நட்பு, தன்னம்பிக்கை, பெண் கல்வி, இதுல ஏதாவது எழுதிக் குடு" என்றார்கள். அவற்றை எழுத என்னைவிட நல்ல கைகள் நம் கல்லூரியில் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது நம் எல்லோருடைய செல்போனுக்குள்ளும் தினமும் நடக்கிற ஒரு வழக்கு. ஆட் பிளாக்கர் என்று ஒன்று இருப்பது எங்கள் துறைப் பசங்களுக்குத் தெரியும். மெக்கானிக்கல், சிவில் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: இணையப் பக்கங்களில் வரும் விளம்பரங்களை வரவிடாமல் தடுக்கும் சின்ன மென்பொருள் அது. அதைப் போட்டுக்கொள்வது நியாயமா, சட்டப்படி சரியா என்று ஒருநாள் வகுப்பில் பேச்சு வந்தது. பாதிப் பேர் "ஓசியில பாடம் படிச்சிட்டு விளம்பரத்தையும் பாக்க மாட்டேன்னா அது திருட்டுதான்" என்றார்கள். மீதிப் பேர் "என் போன், என் டேட்டா, என் இஷ்டம்" என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்குள்ளேயே எனக்குச் சில சண்டைகள் உண்டு.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தெரியாமல் வாதாடினால் தெருச்சண்டை ஆகிவிடும். நாம் ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறோம். அந்தப் பக்கம் முழுசாக ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முதலில் வருவது ஒரு சீட்டு மாதிரி. "எழுத்தை இங்கே வாங்கு, படத்தை அங்கே வாங்கு, விளம்பரத்தை இன்ன முகவரியில் வாங்கு" என்று அதில் எழுதியிருக்கும். நம் பிரவுசர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகவரிக்கும் ஓடும். ஆட் பிளாக்கரிடம் விளம்பர முகவரிகளின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஈஸிலிஸ்ட் என்பது அவற்றில் பெயர்பெற்ற பட்டியல். சீட்டில் உள்ள முகவரி பட்டியலிலும் இருந்தால், பிரவுசரை அங்கே போகவிடாது. அவ்வளவுதான்! பத்திரிகைக்காரனுடைய கம்ப்யூட்டரில் யாரும் கை வைக்கவில்லை. எதையும் உடைக்கவில்லை. வாங்கி வா என்று சொன்ன சாமான்களில் ஒன்றை வாங்காமல் திரும்பி வந்தோம்.

இந்த வகையில் பெயர்பெற்ற ஆட்பிளாக் மென்பொருளின் முதல் வடிவத்தை எழுதியவர் ஒரு மாணவர் என்றால் நம்புவீர்களா? டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சன் 2002ல், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் படிக்காமல் உட்கார்ந்து எழுதியது அது. (இதைப் படித்துவிட்டு யாரும் செமஸ்டர் சமயத்தில் கோடிங் எழுத உட்கார வேண்டாம்.)

சரி, அந்த விளம்பரம் மட்டும் சும்மா வந்து சும்மா போகிறதா? ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. விவசாயி மூட்டைக்குப் பக்கத்திலேயே நிற்பார். வியாபாரிகள் மஞ்சளை உடைத்துப் பார்த்து விலை சொல்வார்கள். கட்டுபடியாகவில்லை என்றால் "குடுக்கலீங்க" என்று அவர் சொல்லிவிடலாம். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் ஏலம் நடக்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், நாம் எந்த ஊர், என்ன போன், என்ன படிக்கிறோம் என்ற விவரங்கள் பல கம்பெனிகளுக்குப் போகின்றன. அதிக விலை சொன்னவனுடைய விளம்பரம் நம் கண் முன்னே வந்து நிற்கிறது. அங்கே ஏலம் போகிற மூட்டை நாம்தான். மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளும் நாம் இல்லை, காசு வாங்குகிறவரும் நாம் இல்லை. நம்மை விற்பதற்கான டேட்டா செலவு மட்டும் நம்முடையது! நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கே "உங்கள் டேட்டா 90 சதவீதம் முடிந்தது" என்று மெசேஜ் வரும்போது வயிறு எரிகிறதே, அதில் நாம் கேட்காத வீடியோ விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு.

இனி என் வீட்டு விஷயம். எழுதலாமா என்று யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன். "எழுதும்மா, நாலு பேரு பொழைச்சுக்கட்டும்" என்றார்.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா கோன் சுற்றப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் முதல் வருடம் வரை வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்மார்ட் போன். ஒருநாள் இரவு அப்பா ராசிபலன் பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு பெட்டி வந்தது. "ஆதார் போதும், ஐந்தே நிமிடத்தில் கடன்" என்று நல்ல தமிழில், வங்கி விளம்பரம் மாதிரியே இருந்ததாம். அது விளம்பரம் என்று சொல்லும் எழுத்து மூலையில் எறும்பு அளவில் இருந்தது. என் பஸ் பாஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் பணம் தேவைப்பட்ட நேரம். 5,000 ரூபாய் கடன் என்றார்கள், கைக்கு வந்தது 3,200. ஏழாம் நாள் போன் வந்தது. எட்டாம் நாள் அப்பாவின் போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் போன் போனது. தறி முதலாளிக்கும், சித்தப்பாவுக்கும், என் வகுப்பு ஆசிரியைக்கும்கூட! இரண்டு மாதம் அப்பா போன் மணி அடித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

அது கடன் கொடுத்தவனின் குற்றம், விளம்பரம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அவனை எங்கள் வீட்டு நடுக்கூடம் வரை கூட்டிவந்தது யார்? ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021ல் கொடுத்த அறிக்கையில், இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. இப்படிப்பட்டவனுக்கும் நல்ல வங்கிக்கும் ஒரே அளவுப் பெட்டியை வாடகைக்கு விடுகிறவர்கள், வாடகை வாங்கும்போது ஆள் யார் என்று பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால், "பாக்காம போறது திருட்டு" என்று நம்மைச் சொல்ல அவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அமெரிக்காவில் 2016 மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களிலேயே விளம்பரம் வழியாக நாசகார மென்பொருள் புகுந்தது. அந்த நாட்டு எஃப்பிஐ 2022 டிசம்பரில், தேடல் பக்கங்களில் வரும் போலி விளம்பரங்களில் சிக்காமல் இருக்க ஆட் பிளாக்கர் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே அறிவுரை சொன்னது. போலீஸே போட்டுக்கொள் என்று சொல்லும் பொருள் திருட்டுச் சாமான் ஆகுமா?

சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் ஆட் பிளாக்கர் வைத்திருப்பது குற்றம் என்று சொல்லும் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43வது பிரிவு, அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதையும் சேதம் செய்வதையும் பற்றியது. ஆட் பிளாக்கர் ஓடுவதோ நம் சொந்த போனில். யூடியூப் போன்ற தளங்கள் தங்கள் நிபந்தனைகளில் "விளம்பரத்தைத் தடுக்கக் கூடாது" என்கின்றன. அதை மீறினால் அவர்கள் வீடியோவை நிறுத்தலாம். 2023லிருந்து நிறுத்தவும் செய்கிறார்கள். அவர்கள் கடை, அவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கதவைச் சாத்துவது வேறு, உள்ளே வந்தவனைத் திருடன் என்பது வேறு.

இந்தக் கேள்வி நேரடியாகக் கோர்ட்டுக்குப் போனது ஜெர்மனியில். அங்கே ஆக்ஸெல் ஸ்பிரிங்கர் என்ற பெரிய பத்திரிகைக் குழுமம், ஆட்பிளாக் பிளஸ் மென்பொருளை வெளியிடும் ஐயோ என்ற கம்பெனிமேல் வழக்குப் போட்டது. (கம்பெனியின் பெயரே ஐயோதான், நான் வைத்ததில்லை.) 2018 ஏப்ரல் 19 அன்று அந்நாட்டு உச்ச நிலை நீதிமன்றம், இது முறையற்ற வணிகப் போட்டி ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. தடுப்பதா வேண்டாமா என்பது வாசகரின் முடிவு, அது பிடிக்கவில்லை என்றால் தடுப்பவர்களை உள்ளே விடாமல் இருக்கப் பத்திரிகைக்கு வழி இருக்கிறதே என்பது அதன் போக்கு. உண்மையில் அந்தக் குழுமத்தின் பில்ட் பத்திரிகை 2015லேயே அப்படித்தான் செய்தது, "ஒன்று நிறுத்து, இல்லை மாதக் காசு கட்டு" என்று.

ஆனால் கதை முடியவில்லை. ஸ்பிரிங்கர் அடுத்ததாகப் பதிப்புரிமையைக் கையில் எடுத்தது. "எங்கள் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், அதை எங்கள் அனுமதியின்றி மாற்றுகிறீர்கள்" என்பது வாதம். ஹாம்பர்க்கில் இரண்டு கோர்ட்டுகளிலும் தோற்றது. 2025 ஜூலை 31 அன்று அதே உச்ச நிலை நீதிமன்றம், இதைச் சரியாக ஆராயவில்லை என்று வழக்கின் ஒரு பகுதியை ஹாம்பர்க்குக்கே திருப்பி அனுப்பியது. எங்கள் துறைக்காரர்கள் இதை உற்றுக் கவனிக்க வேண்டும். என் திரையில் ஒரு பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று நான் மாற்றுவதே பதிப்புரிமை மீறல் என்றால், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் பாட்டியும், பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்திருக்கும் பார்வையற்ற மாணவரும் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

இந்தத் திருட்டுப் பேச்சு டி.வி. காலத்துப் பழசு. 2002ல் அமெரிக்க டி.வி. நிறுவனம் ஒன்றின் தலைவர் ஜேமி கெல்னர், விளம்பரத்தைத் தாண்டிப் போவது திருட்டு என்றே பேசினார். பாத்ரூம் போய்வருவதற்கு மட்டும் கொஞ்சம் சலுகை தந்தார். என் அம்மா சீரியல் விளம்பரத்தில்தான் சோறு வடிப்பார். அந்தக் கணக்கில் இருபது வருடமாக எங்கள் வீட்டில் திருட்டு நடக்கிறது!

இங்கே என் கட்சிக்காரர்கள் கை தட்டுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இந்த மலரின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். ஜெராக்ஸ் கடை, பேக்கரி, டைலர், ஹார்டுவேர்ஸ், எல்லாம் "நல்வாழ்த்துக்களுடன்" நிற்கின்றன. அந்த விளம்பரங்களுக்காக வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. "போன வருசமே குடுத்தனே கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஜெராக்ஸ் கடை அண்ணன் அரைப்பக்கத்துக்கு ஆயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தார். அந்தப் பணம் இல்லை என்றால் பேப்பர் இல்லை, அச்சுக்கூலி இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் புரட்டினால் அண்ணன் கோபிக்கப் போவதில்லை. கிழித்து வடை மடித்தாலும் கேட்கமாட்டார். ஆனால் மலரைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே யாரோ அந்தப் பக்கங்களை எல்லாம் உருவிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். அது நியாயமும்கூட.

இணையத்திலும் ஜெராக்ஸ் கடை அண்ணன்கள் உண்டு, அவர்களை நம்பி நடக்கும் மலர்களும் உண்டு. நமக்கு எம்-2 கணக்கைத் தமிழில், கரும்பலகையில் எழுதி, "புரியலைன்னா மறுபடியும் பாருங்கப்பா" என்று சொல்லித் தரும் ஆசிரியர் யூடியூபில் இருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அரியர் எடுத்தது அவர் புண்ணியத்தில்! டியூஷன் என்றால் என் வீட்டில் முடியாத காரியம். அவருக்கு வரும் காசு அந்த விளம்பரத்தில்தான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பல்லைப் பார்க்கலாம், தப்பில்லை என்பேன் நான். அப்பா கதைக்குப் பிறகு பார்த்தே ஆக வேண்டும். ஆனால் பால் கறந்து குடித்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடமாட்டேன் என்றால்? ஆட் பிளாக்கரில் குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நம் பசங்களில் நூற்றில் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை என்று பந்தயம் கட்டுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விளம்பரமில்லா செயலி என்று வாட்ஸப்பில் சுற்றும் ஏபிகே கோப்புகள் வேறு ஜாதி. யாரோ ஒருவருடைய செயலியை உடைத்து, மாற்றி, மறுபடி கட்டியது அது. வான்ஸ்டு என்ற அப்படிப்பட்ட யூடியூப் செயலி, கூகுளின் சட்ட எச்சரிக்கைக்குப் பிறகு 2022 மார்ச்சில் கடையை மூடியது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. வாங்காமல் வருவது ஒன்று, பூட்டை உடைப்பது இன்னொன்று. போதாததற்கு அந்த ஏபிகே-க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தடுப்பவர்களிலும் யோக்கியர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஐயோ கம்பெனி 2011ல் "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொந்தரவு தராத விளம்பரங்களைத் தடுக்காமல் விடுவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! சின்னத் தளங்களுக்கு இலவசம். பெரிய கம்பெனிகள் மட்டும், அப்படிக் கூடுதலாக வரும் வருமானத்தில் 30 சதவீதம் கட்ட வேண்டும். அந்த வரிசையில் கூகுளும் நிற்கிறது. நம் ஊர் பைபாஸில் டோல்கேட் போட்டவனுக்கும் இவர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜெர்மன் கோர்ட் அதையும் சட்டவிரோதம் இல்லை என்றது. சட்டவிரோதம் இல்லாததெல்லாம் நியாயம் ஆகிவிடாது. மறுபக்கம் பார்த்தால், வருமானத்தில் பெரும்பகுதியை விளம்பரத்தில் எடுக்கும் கூகுள்தான் குரோம் பிரவுசரையும் தயாரிக்கிறது. அதன் விதிகளை மாற்றி, யுபிளாக் ஆரிஜின் என்ற, யாரிடமும் காசு வாங்காத தடுப்பானை 2024, 2025ல் குரோமிலிருந்து வெளியேற்றியது. பந்தல் போட்டவனே பந்திக்கும் சட்டம் போட்டால் இப்படித்தான். பயர்பாக்ஸில் அது இன்னும் ஓடுகிறது, போனிலும்கூட.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். விளம்பரத்தைச் செய்தி போல வேடம் போட்டுக் காட்டுவதை, ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாக 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. அதே வருடம் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளைப் பின்தொடர்ந்து குறிவைக்கும் விளம்பரம் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் பதினெட்டு வயது முடியாதவர். எனக்கு முடிந்துவிட்டது! முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் அதிர்ஷ்டசாலிகள்.

இனி நம் கல்லூரி. ரிசல்ட் நாளில் லேபில் நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேடியதும் ரிசல்ட் தளம் மாதிரியே பத்துத் தளங்கள் வரும். நடுவில் பச்சை நிறத்தில் பெரிய "டவுன்லோடு" பொத்தான். அதை அமுக்கினால் ரிசல்ட் வராது, வேறு என்னவோ இறங்கும். ஒரு கம்ப்யூட்டரில் இறங்கியது பென் டிரைவ் வழியாக லேப் முழுக்கப் போகும். பிறகு ஒரு வாரம் பிராக்டிகல் கிடையாது. லேப் கம்ப்யூட்டர்கள் அனைத்திலும் பயர்பாக்ஸும் யுபிளாக் ஆரிஜினும் போட்டுத் தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் வழியாக முதல்வர் அவர்களுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இரண்டுமே இலவசம், பட்ஜெட் கேட்கவில்லை. விலக்குக் கொடுக்க வேண்டிய தளங்களின் பட்டியல் ஒன்றும் அதனுடன் இணைக்க வேண்டும் என்று லேப் சார் சொல்லியிருக்கிறார். எம்-2 ஆசிரியரின் பக்கத்தையும், நாம் நோட்ஸ் எடுக்கும் இரண்டு தமிழ்த் தளங்களையும் நான் எழுதிவிட்டேன். எலக்ட்ரிக்கல், சிவில், மெக்கானிக்கல் துறைகளிலிருந்து இதுவரை ஒரு பெயரும் வரவில்லை. நீங்கள் யாரிடம் ஓசியில் படித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். லேப் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.